தேதி போடாத ராஜினாமா

தலைவர் தேர்தல் முடிந்து நான்கு நாள் ஆகியும் கட்சி அலுவலகத்தில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துப் பேசவில்லை. ஜெயித்தவர்கள் சிரித்தால் தோற்றவர்களுக்கு எரிந்தது. தோற்றவர்கள் சிரித்தால் ஜெயித்தவர்களுக்குச் சந்தேகம். நடுவில் மாட்டிக்கொண்டு முழித்தவள் நான். இருபத்தேழு வருஷமாக இந்த அலுவலகத்தின் நிர்வாகம் என் தலையில். அலமாரிச் சாவி அத்தனையும் என்னிடம் இருப்பதால் எனக்குச் சாவியக்கா என்றே பெயர். என் சொந்தப் பெயரைச் சொல்லி யாராவது கூப்பிட்டால் நானே திரும்பிப் பார்க்க மாட்டேன்.

போட்டி வக்கீலுக்கும் டாக்டருக்கும். பழைய தலைவர் உடம்பு முடியாமல் விலகியதும், இரண்டு பேரும் மூன்று மாதம் வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டார்கள். கடைசியில் முப்பத்தொரு ஓட்டு வித்தியாசத்தில் வக்கீல் தலைவர் ஆனார். டாக்டர் பக்கம் நின்ற சட்டமன்ற உறுப்பினர்கள் எட்டுப் பேர். அதில் ஒருவன் என் தம்பி.

அம்மா போகும்போது அவனுக்கு ஒன்பது வயது, எனக்குப் பத்தொன்பது. சமைத்துப் போட்டு, படிக்க வைத்து, கட்சியில் கொண்டுவந்து சேர்த்ததும் நான்தான். அதற்காக என்னை யாரும் மெச்ச வேண்டாம். பல நாள் நானே நொந்துகொண்டிருக்கிறேன்.

திங்கட்கிழமை மதியம் எல்லோரும் சாப்பிடப் போயிருந்த நேரம் பார்த்து அவன் வந்தான். கதவைச் சாத்திவிட்டு என் எதிரில் உட்கார்ந்தான்.

"அக்கா, நாங்க எட்டு பேரும் கட்சிய விட்டுப் போயிடலாம்னு இருக்கோம். டாக்டரும் வர்றாரு."

"போங்க. யாரு கையப் பிடிச்சு இழுத்தா?"

"விளையாடாதக்கா."

"நான் எங்க விளையாடறேன்? உன் தொகுதியில ஓட்டு போட்டாங்களே, உன் மூஞ்சியப் பாத்தா போட்டாங்க? சின்னத்தப் பாத்துதானே போட்டாங்க? அந்த ஓட்ட எடுத்துக்கிட்டு நீ பாட்டுக்கு வேற கடை திறக்கப் போறியா?"

அவன் சண்டைக்கு வருவான் என்று நினைத்தேன். வரவில்லை. நாற்காலியில் சரிந்து, கண்ணை மூடிக்கொண்டான்.

"நீ சொல்றது சரிதான். எனக்கும் தெரியும். ஆனா தினமும் அந்தாள் பின்னாடி உக்காந்து கைதட்டணும்க்கா. மூணு மாசமா மேடைக்கு மேடை அவரப் பத்தி நான் பேசினதெல்லாம் பொய்யில்ல. நெஜமாவே அவர் கட்சிய நாசமாக்கிடுவாருன்னுதான் நம்பறேன். எப்படிக்கா தட்டறது? என்னால முடியாது. அலுத்துப் போச்சு."

அந்த 'அலுத்துப் போச்சு' எனக்குப் புரிந்தது. எனக்கு அலுத்துப்போய்ப் பத்து வருஷம் ஆகிறது. போகிறேன் என்று வந்தவர்கள், உள்ளே இருந்தே போராடுகிறேன் என்று சொல்லி எங்கும் போராடாதவர்கள், போய்விட்டு ஆறே மாதத்தில் அழுதுகொண்டு திரும்பியவர்கள் என்று எத்தனையோ பேருக்கு இதே நாற்காலியில் தண்ணீர் கொடுத்திருக்கிறேன். யார் செய்தது சரி என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

"சரி, போ. அத எதுக்கு எங்கிட்ட வந்து சொல்ற?"

"என் லெட்டர் உங்கிட்ட இருக்கே" என்றான்.

மேஜை மேலிருந்த சாவி வளையத்தை என் பக்கம் இழுத்துக்கொண்டேன்.

எங்கள் கட்சியில் ஒரு வழக்கம் உண்டு. வெளியே யாரும் பேச மாட்டார்கள், உள்ளே எல்லோருக்கும் தெரியும். தேர்தலில் நிற்க சீட்டு வாங்குகிற ஒவ்வொருவரும் முதலில் ஒரு ராஜினாமாக் கடிதம் எழுதித் தர வேண்டும். கட்சியின் கடிதத்தாளில், தன் கையெழுத்தில், 'என் சட்டமன்ற உறுப்பினர் பதவியை ராஜினாமா செய்கிறேன்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு, தேதியை மட்டும் காலியாக விட வேண்டும். ஜெயித்த பிறகு எவனாவது கட்சி மாறினால், தலைவர் அதில் தேதியைப் போட்டு சபாநாயகருக்கு அனுப்பிவிடுவார். ஆளும் போவான், பதவியும் போகும். கட்சித் தாவல் சட்டப்படி போனால் வருஷக்கணக்கில் இழுக்கும், இது ஒரே நாளில் முடிந்துவிடும். அந்தக் கடிதங்கள் இருப்பது என் அலமாரியில், பச்சைக் கோப்பில். இத்தனை வருஷத்தில் அதிலிருந்து ஒரு காகிதத்தை நான் யாருக்கும் எடுத்துக் கொடுத்ததில்லை.

"முடியாதுடா" என்றேன்.

"அக்கா, மத்த ஏழு பேரும் பதவி போனாப் போகுதுன்னு தைரியமா இருக்காங்க. அவங்களுக்குத் தொழில் இருக்கு, கடை இருக்கு. எனக்கு என்ன இருக்கு? இந்தப் பதவியும் போயிட்டா நான் யாரு?"

"கேக்காத. வெக்கமா இல்ல உனக்கு?"

"இருக்கு" என்றான். அப்படியே மேஜையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டான். ஒன்பது வயதில் அம்மா போன அன்றைக்கு உட்கார்ந்திருந்தானே, அதே மாதிரி. பாவி, அவன் அது தெரிந்துதான் செய்தானோ, தெரியாமல் செய்தானோ. நான் எழுந்து அலமாரியைத் திறந்தேன். கடிதத்தைக் கொடுத்தேன். அவன் அதை அங்கேயே சுக்குநூறாகக் கிழித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு போனான். எனக்கு அன்று மதியம் சாப்பாடு இறங்கவில்லை.

மறுநாள் சாயங்காலம் தொலைக்காட்சியைப் போட்டால், வக்கீலும் டாக்டரும் கட்டிப்பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள். டாக்டருக்குத் துணைத் தலைவர் பதவியாம். 'எங்களுக்குள் இருந்தது கருத்து வேறுபாடுதான், மன வேறுபாடு இல்லை' என்று பல்லைக் காட்டுகிறார். கூட வருகிறேன் என்று சொன்ன எட்டுப் பேரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நான் பெட்டியை அணைத்துவிட்டுப் படுத்துவிட்டேன். கோபப்படக்கூடத் தெம்பில்லை.

புதன்கிழமை காலை எட்டரைக்கு நான் அலுவலகக் கதவைத் திறக்கும் முன்பே தம்பி வாசலில் நின்றான்.

"அக்கா, தலைவர் பதினொரு மணிக்கு எங்க எட்டு பேரையும் ஒவ்வொருத்தரா வரச் சொல்லியிருக்காரு."

"தெரியும். பச்சைக் கோப்பையும் கொண்டுவரச் சொல்லியிருக்காரு."

"ஐயோ! அதான் வந்தேன். என்னோடது மட்டும் இல்லேன்னா நான் செத்தேன். வேற ஒண்ணு எழுதி வெச்சிடறேன். காகிதம் குடு."

"என்னால முடியாதுன்ன? கைதட்ட முடியாதுன்ன?"

"கைதானேக்கா" என்றான், தரையைப் பார்த்துக்கொண்டு. "தட்டிட்டுப் போறேன்."

அவனை நாலு அறை விடலாம் போல இருந்தது. ஆனால் கோப்பில் ஒன்று குறைந்தால் மாட்டுவது அவன் மட்டுமா? சாவி என்னிடம்தானே இருக்கிறது. மேஜை மேலிருந்த கடிதத்தாள் கட்டிலிருந்து ஒன்றை உருவிக் கொடுத்தேன். வாசகம் அவனுக்கு மறந்துவிட்டது. இருபத்தேழு வருஷம் படித்துச் சரிபார்த்த வாசகம், நான் சொல்லச் சொல்ல அவன் எழுதினான். கையெழுத்துப் போட்டான். தேதியைக் காலியாக விட்டான். புதுக் காகிதம் மொடமொடவென்று இருந்ததால் நான்காக மடித்து, பிரித்து, உள்ளங்கையால் தேய்த்து, கோப்பில் அவன் இடத்தில் செருகினேன். திருட்டு வேலையிலும் எனக்கு ஒரு நேர்த்தி.

தம்பி மூன்றாவது ஆள். அவனைக் கூப்பிட்டபோது தலைவர் என்னையும் கோப்போடு அறையிலேயே நிற்கச் சொன்னார். கோர்ட்டில் முப்பது வருஷம் வாதாடியவர், சத்தம் போட்டுப் பேச மாட்டார். தம்பியை உட்காரச் சொல்லி, காபி வரவழைத்து, பிள்ளைகள் படிப்பை எல்லாம் விசாரித்துவிட்டு, கடிதத்தைக் கோப்பிலிருந்து எடுத்தார். ஒரு தடவை படித்தார். மறுபடியும் மேலிருந்து படித்தார்.

"இது நீங்க எப்ப எழுதினது?"

"போன தேர்தல்ல சீட்டு வாங்கும்போது தலைவரே. மூணு வருஷம் ஆச்சு."

"அப்படியா? மூணு வருஷம் முன்னாடியே நான்தான் தலைவர்னு உங்களுக்குத் தெரிஞ்சிருக்கே."

காகிதத்தை எங்கள் பக்கம் திருப்பினார். மேலே, கட்சிப் பெயருக்குக் கீழே, தலைவர் என்று போட்டு வக்கீலின் பெயர் கொட்டை எழுத்தில் அச்சாகியிருந்தது. பழைய தலைவர் பெயர் போட்ட தாளையெல்லாம் கட்டி மூலையில் போட்டுவிட்டு, அச்சகத்துக்காரரை விரட்டி விரட்டி இந்தப் புதுத் தாளை முந்தின நாள் வாங்கி வைத்தவள் நான். எழுத்தைப் பார்த்தேன், மடிப்பைப் பார்த்தேன், மேலே பார்க்கத் தோன்றவில்லை. நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

"பழசு என்னாச்சு?" என்று தம்பியைக் கேட்டார்.

அவன் முகம் வெளுத்தது. என்னைப் பார்த்தான். நான் தலையை ஆட்டவும் இல்லை, கண்ணைக் காட்டவும் இல்லை. உண்மையைச் சொல்லிவிடுவான் என்றுதான் நினைத்தேன். 'போகலாம் என்று நினைத்தேன், கிழித்தேன், மனசு மாறிவிட்டது' என்று சொன்னால் என்ன தலையா போய்விடும்? டாக்டரையே மன்னித்தவர்கள் இவனை மன்னிக்க மாட்டார்களா?

"அக்காதான் தலைவரே" என்றான். "எனக்குக் கட்சிய விட்டுப் போற எண்ணமே இல்ல. அக்காவாவே பயந்துபோய் எடுத்துக் கிழிச்சுட்டா. இன்னிக்குக் காலைலதான் எனக்கே தெரியும். சத்தம் போட்டேன். உடனே வேற எழுதிக் குடுத்துட்டேன்."

காபியில் ஆடை கட்டியிருந்தது. அதையே பார்த்துக்கொண்டு பேசினான்.

"நெஜமாம்மா?" என்று தலைவர் என்னைக் கேட்டார்.

இல்லை என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது. சொல்லி? அவன் பொய்யன் என்று நானே நிரூபித்து, அவனைத் தெருவில் நிறுத்தி, அதற்குப் பிறகு யாருக்கு நான் அக்கா? அழுகை வரும் என்று பார்த்தேன், வரவில்லை. உட்கார இடம் கிடைத்தால் போதும் என்றுதான் இருந்தது.

"அலமாரியத் திறந்தது நான்தான்" என்றேன். அதில் பொய் இல்லை.

"அப்ப சாவியக் குடுத்துடுங்கம்மா. எனக்கும் வேற வழியில்ல."

வளையத்தோடு கழற்றி மேஜை மேல் வைத்தேன். பதினான்கு சாவி. தம்பி அப்போதும் நிமிரவில்லை.

தலைவர் அந்தக் கடிதத்தை எடுத்தார். தேதியைப் போடப் போகிறார் என்று தம்பி நாற்காலி நுனிக்கு வந்துவிட்டான். அவர் பேனாவைத் தொடவில்லை. கடிதத்தை இரண்டாகக் கிழித்து அவன் முன்னால் வைத்தார்.

"உங்ககிட்ட எனக்கு லெட்டரே வேண்டாம் தம்பி. கூடப் பொறந்த அக்காவயே குடுத்துட்டு இங்க இருக்கறவரு, இனிமே எங்க போயிடப் போறீங்க?"

என் தம்பி சட்டென்று எழுந்து நின்றான். முகமெல்லாம் மலர்ந்திருந்தது.

"ரொம்ப நன்றி தலைவரே" என்றான்.