மூக்கில் ஒரு வெள்ளைக் கோடு

ஏகாம்பரம் கேட்டது ஒரு கரண்டி சர்க்கரைப் பொங்கல். சர்க்கரை வியாதிக்காரருக்கு அது எதற்கென்று மனைவி அம்சவேணி தட்டை எடுத்து உள்ளே வைத்துவிட்டாள். மனுஷர் முகத்தைத் திருப்பிக்கொண்டு வெறும் வயிற்றோடு படுத்தார். விடிந்தபோது உயிர் இல்லை. அவளுக்கு அழுகைகூட வரவில்லை. ஊர் அதற்கும் ஒரு பேச்சுப் பேசியது. ஊருக்கு வேறென்ன வேலை.

காரியத்தன்று செவிலிமேட்டு வீட்டு மொட்டை மாடியில் இலை போட்டு, பொங்கலும் வைத்துக் காக்கையைக் கூப்பிட்டார்கள். முதலில் வந்த காக்கையின் மூக்கில் குறுக்கே வெள்ளையாக ஒரு கோடு. சோற்றைத் தொட்டது, தின்னவில்லை. பின்னால் இறங்கிய காக்கைகளை அம்சவேணி துண்டை வீசி விரட்டினாள்.

"ஏம்மா தொரத்துற? எது துன்னா இன்னா?" என்றான் மகன் சிட்டிபாபு.

"அது உங்கப்பாடா. மூக்குல துண்ணூறு பாரு. கோவம் தீரல, அதான் துன்ன மாட்டேங்குறாரு."

அப்புறம் தினமும் பொங்கல்தான். தினமும் அந்தக் காக்கை வந்து இலைக்கு எதிரே நின்றது. மற்றவற்றை விரட்டிவிட்டு, "துன்னுய்யா, தப்புதான்யா" என்று கெஞ்சுவாள். அது மூக்கைச் சோற்றில் தேய்க்கும், நிற்கும். காக்கை தின்னாமல் அவள் எப்படிச் சாப்பிடுவது; காபியோடு சரி. வீம்பில் அவரை மிஞ்ச ஆளில்லை என்று நினைத்துக்கொண்டாள்.

ஒரு நாள் காலை அது சுவரில் நிற்கமுடியாமல் தரையில் விழுந்தது. கையில் எடுத்தால் கனமே இல்லை. வெள்ளைக் கோட்டைத் தடவிப் பார்த்தாள். வழுவழுவென்று இருந்தது.

"கூல்டிரிங்ஸ் பாட்டில் மூடிக்கு அடியில இருக்குமே, அந்தப் பிளாஸ்டிக் ரிங்குமா," என்றான் சிட்டிபாபு. "கல்யாண மண்டபத்துக் குப்பைல கெடக்குது. எதையோ கொத்தப்போயி மாட்டிக்கினு இருக்குது. வாயே தொறக்க முடியாது அதால."

கண்ணாடி பாட்டில் போய்ப் பிளாஸ்டிக் பாட்டில் வந்து கொஞ்ச வருஷம்தான். அவளுக்கு அது தெரிய நியாயமில்லை. பட்டுநூல் வெட்டும் கத்தரியால் வளையத்தை நறுக்கினாள். மூக்கு திறந்தது. குழைத்த சோற்றை விரல்நுனியில் எடுத்து ஊட்டினாள். உள்ளே போகாமல் ஓரமாக வழிந்தது. கொஞ்ச நேரத்தில் தலை தொங்கிவிட்டது.

மற்ற காக்கைகள் இறங்கி இலையைக் காலி செய்தன. அவள் விரட்டவில்லை.

"பாத்தியா, அப்பாவுக்குக் கோவமே இல்லம்மா. நீ வந்து துன்னு."

அம்சவேணி கையைக் கழுவிக்கொண்டு, கீழே தனக்குச் சோறும் குழம்பும் போட்ட இலைமுன் உட்கார்ந்தாள். கோபம் இல்லையென்றால் நிம்மதி வரவேண்டும், வரவில்லை. உப்பும் உறைப்பும்கூடத் தெரியவில்லை.

"ரெண்டு பேரையும் பட்டினி போட்டே அனுப்பிட்டேண்டா," என்று சொல்லிவிட்டு அடுத்த வாய்ச் சோற்றைப் பிசைந்தாள்.