மில் நின்றால் அணையும் மடிக்கணினி

சாமை மில் ஓடிக்கொண்டிருக்கும்போது அந்த மடிக்கணினி ஒழுங்காக வேலை செய்தது. மில் நின்றதும் அணைந்தது. இதை யாரிடம் சொன்னாலும் சிரிப்பார்கள் என்று கீதாஞ்சலிக்குத் தெரியும். வேறு யாராவது சொல்லியிருந்தால் அவளே சிரித்திருப்பாள். மோட்டார் அதிர்கிறது, உமி பறக்கிறது, பக்கத்தில் நிற்பவர் பேசினால் கேட்காது. அத்தனைக்கும் அசையாத பொருள், சுற்றிலும் அமைதியானதும் ஏன் செத்துப்போக வேண்டும்?

வெள்ளிக்கிழமையும் அப்படித்தான் ஆயிற்று. "திரையில ஒரு பச்சைப் புள்ளி தெரியுதுங்களா, அதுதான் உங்க மூணாம் நம்பர் பஸ்" என்று அவள் சொல்லி முடிப்பதற்குள் திரை கறுத்தது. கறுத்த கண்ணாடியில் காதில் ஹெட்செட்டோடு அவளுடைய முகமே அவளைத் திருதிருவென்று பார்த்தது. பொத்தான்களைத் தட்டினாள். ஒன்றும் நடக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் கைப்பேசி அடித்தது.

"இன்னாம்மா ஆச்சு? பேசிக்கினே இருந்த, காணாம பூட்ட?" என்றார் வக்கார். அவளுடைய மேலாளர். வாணியம்பாடிக்காரர். சென்னையில் இருபது வருஷம் இருந்தும் பேச்சு மாறவில்லை.

"சார், தானா அணைஞ்சிடுச்சு சார்."

"தானா அணையறதுக்கு அது இன்னா காத்துல வெச்ச விளக்கா? ஸ்கூல் ஹெட்மாஸ்டர் எனக்கு போன் பண்ணி, உங்க பொண்ணு கோவிச்சுக்கினு போய்டுச்சான்னு கேக்கறாரு."

அவள் பொத்தானை மறுபடி அழுத்திப் பார்த்தாள்.

பள்ளிப் பேருந்து எங்கே வருகிறது என்று பெற்றோருக்குக் காட்டும் செயலி ஒன்றை அவளுடைய நிறுவனம் செய்கிறது. வாங்குகிற பள்ளிகளுக்கு அதை எப்படிப் பயன்படுத்துவது என்று சொல்லித்தருவது கீதாஞ்சலியின் வேலை. சென்னையிலிருந்து செய்துகொண்டிருந்தாள். மழைக்காலத்தில் அம்மா கெங்கம்மாள் தண்ணீர்க் குழாயடியில் வழுக்கி விழுந்து தொடை எலும்பை முறித்துக்கொண்டாள். வேலூரில் பிளேட் வைத்து அனுப்பினார்கள். கட்டிலிலிருந்து இறக்க, குளிப்பாட்ட, கழிப்பறைக்குத் தாங்கிப்போக ஒரு பெண் வேண்டும். அப்பா இல்லை, கூடப் பிறந்தவர்களும் இல்லை. ஜவ்வாது மலையிலிருந்து அம்மாவைச் சென்னையின் மூன்றாம் மாடி அறைக்குக் கொண்டுபோவதையும் நினைத்துப் பார்க்க முடியவில்லை. வக்கார்தான் மேலிடத்தில் பேசி இந்த மாதம் முழுக்க மலையிலிருந்தே வேலை செய்ய அனுமதி வாங்கித் தந்தார். வகுப்புகள் தடங்கல் இல்லாமல் நடந்தால் அங்கேயே இருக்கலாம், இல்லாவிட்டால் திரும்பிவிட வேண்டும். இதுவரை நடந்த வகுப்புகளில் ஒன்றுகூட முழுதாக முடியவில்லை.

வீட்டில் சிக்னல் கிடையாது. ஊரில் அது வருகிற ஒரே இடம், மேட்டு விளிம்பில் இருக்கும் பூபாலன் மாமாவின் சாமை மில். அதிலும் பள்ளத்தைப் பார்த்த ஜன்னலோரம் மட்டும்தான். மாமா அங்கே அவளுக்கு ஒரு பழைய மரமேசையைப் போட்டுக்கொடுத்திருந்தார். அவளுக்கு வகுப்பு இருந்தால், சாமை காத்துக்கிடந்தாலும், மில்லை நிறுத்திவிடுவார். "நீ பேசு கண்ணு. சாமை எங்க ஓடிடப்போகுது?" என்பார்.

கணினியைத் தேர்ந்தெடுத்தவளும் அவள்தான். அதுதான் அவளை அதிகம் குடைந்தது. கிளம்புகிற அன்று வக்கார் இரண்டை மேசைமேல் வைத்தார். ஒன்று பழைய மாதிரி, செங்கல் கனம். இன்னொன்று சாம்பல் நிறத்தில் விரல் பருமன்கூட இல்லாத விலை உயர்ந்த புது மாதிரி.

"இந்த குண்டனையே எடுத்துக்கம்மா. மலைக்குப் போற. எது கெட்டாலும் திருப்பத்தூர்ல ஒருத்தன் பிரிச்சுப் பாப்பான். இந்த ஒல்லிக்குச்சிய எவனும் தொடமாட்டான்" என்றார்.

கீதாஞ்சலி ஒல்லியை எடுத்தாள். ஒரு கையில் அம்மாவின் மருந்துப் பையும் மறு கையில் துணி மூட்டையுமாகப் பேருந்தை விட்டு இறங்கி மேடு ஏறும்போது முதுகில் கணினி இருப்பதே தெரியவில்லை. ஒரு பாக்கெட் சாமையைவிடச் சற்றுக் கூடுதல் எடைதான். கரண்ட் போனால் பகல் முழுக்கத் தாங்கியது. இவையெல்லாம் விளம்பரத்திலேயே இருப்பவை. மில்லுக்கு வந்தபிறகுதான் விளம்பரத்தில் இல்லாத ஒரு நன்மை தெரிந்தது. கனமான கணினிகளுக்குள் சூட்டை வெளியேற்ற ஒரு சின்ன விசிறி இருக்கும். அது வெளிக்காற்றை இழுக்கும்போது காற்றிலிருக்கிற உமித்தூளையும் சேர்த்து இழுக்கும். மாமாவின் மகள் பூவிழிக்குப் பள்ளியில் கொடுத்த பழைய மடிக்கணினி அந்த மில்லில் பாட்டுப்பெட்டியாக இருந்தது. அதன் விசிறித் துளை கரிச்சட்டி மாதிரி அடைத்துக்கிடந்தது. ஒல்லிக்கு விசிறியே இல்லை. சூட்டைத் தன் உலோக உடம்பு முழுக்கப் பரப்பி ஆற்றிக்கொள்ளும். எனவே உமி போக வழி இல்லை.

ஆனால் மெலிவுக்காக எதையெல்லாம் எடுத்திருந்தார்கள் என்பதும் இப்போதுதான் உறைத்தது. செருகுவதற்கு இரண்டே துளைகள், அவையும் ஒரே பக்கம். அடியில் இருந்த திருகுகள் நட்சத்திர வடிவில் இருந்தன. மாமாவிடம் இருந்த எந்தத் திருப்புளியும் சேரவில்லை. எல்லாவற்றையும்விட, அதில் ஒரு விளக்குக்கூட இல்லை. பூவிழியின் கணினி ஓடினால் பச்சை எரியும், தூங்கினால் மினுக்கும், செத்தால் இருட்டு. ஒல்லி கறுத்துப்போனால் தூங்குகிறதா, செத்ததா, சும்மா இருக்கிறதா என்று கேட்க வழியே இல்லை. வாய் இல்லாத நோயாளி.

சனிக்கிழமை முழுக்க அவள் அதற்கு வைத்தியம் பார்த்தாள். மோட்டார் நிற்கும்போது வோல்டேஜ் துள்ளும், அதனால் இருக்குமோ என்று சார்ஜரைப் பிடுங்கிவிட்டு மில்லை நிறுத்தச் சொன்னாள். கொஞ்ச நேரத்தில் அணைந்தது. சூடா என்று அடியைத் தடவினாள். வெதுவெதுப்புகூட இல்லை. வெளிச்சத்தில் பார்க்கலாம் என்று வாசலுக்குத் தூக்கிவந்தாள். அவள் எதையும் தொடாமலே திரை பளிச்சென்று எரிந்து கடவுச்சொல் கேட்டது, டாக்டரைக் கண்டதும் காய்ச்சல் விட்ட குழந்தை மாதிரி. ஜன்னலோரம் கொண்டுபோய் வைத்தாள். மறுபடி கறுத்தது. வாசலிலேயே உட்கார்ந்து வகுப்பு எடுக்கவும் முடியாது. அங்கே சிக்னலும் இல்லை, பளபளப்பான திரையில் வெயில் பட்டால் வேப்பமரம்தான் தெரியும், எழுத்து தெரியாது.

பூவிழியின் பழைய கணினியை அதே மேசையில் வைத்துப் பார்த்தாள். அணையவில்லை. ஆனால் நிறுவனத்தின் செயலி அதில் திறக்க மறுத்தது. மூடி வைக்கும்போது கீலின் பக்கம் ஒரு சின்ன முளை அமுங்குவதைப் பார்த்தாள். அந்த முளை அமுங்கினால்தான் மூடிவிட்டார்கள் என்று கணினிக்குத் தெரியும், உடனே தூங்கப்போகும். ஒல்லியில் அப்படி முளை எதுவும் இல்லையே, அதற்கு எப்படித் தெரிகிறது என்று ஒரு கேள்வி வந்தது. அதற்குள் அம்மாவுக்கு மருந்து கொடுக்கும் நேரமாகிவிட்டது.

"அந்தத் தோசக்கல்லு இன்னிக்காவது பேசுச்சா?" என்றாள் கெங்கம்மாள், கட்டிலில் சாய்ந்தபடி.

"பேசல."

"கண்ணு பட்டிருக்கும். அத்தினி வெலன்னு ஊரெல்லாம் சொல்லிவெச்சிருக்கான் உன் மாமன்." பிறகு சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்: "நீ மெட்ராசுக்குப் போய்டு பாப்பா. நான் எப்படியாவது பொரண்டு எழுந்துக்குவேன்."

சொல்லிவிட்டு, தண்ணீர்ச் சொம்புக்குக் கையை நீட்டினாள். எட்டவில்லை. கீதாஞ்சலி எடுத்துக் கொடுத்தாள்.

திங்கட்கிழமை ஆரணிப் பக்கத்துப் பள்ளி ஒன்றுக்கு வகுப்பு. காலையிலேயே வக்கார் அழைத்தார். "மேல இருக்கறவங்க இன்னிக்கு வகுப்ப அவங்களே பாக்கறாங்களாம். இதுவும் அறுந்துபோனா என்னால ஒண்ணும் சொல்ல முடியாதும்மா. தப்பா நெனச்சுக்காத" என்றார். அவர் குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் தேவலை என்று அவளுக்குத் தோன்றியது.

மில் ஓடும்போதே திறந்து வைத்துச் சோதித்தாள். அருமையாக ஓடியது. மாமா மில்லை நிறுத்தினார். வகுப்பு தொடங்கியது. ஆசிரியர்களின் முகங்கள் வரிசையாகத் தெரிந்தன. அவள் பேருந்தின் பாதையை வரைந்து காட்டினாள். மாமா அவளுக்குப் பின்னால் சத்தமில்லாமல் ஏதோ வேலையாக நடமாடிக்கொண்டிருந்தார்.

திரை கறுத்தது.

இந்த முறை அவள் பொத்தான்களைத் தட்டவில்லை. ஹெட்செட்டைக் கழற்றினாள். துப்பட்டாவில் சிக்கியிருந்த அதன் கம்பியை விடுவிக்கத் தோளிலிருந்த ஊக்கை எடுத்து மேசைமேல் போட்டாள். கைப்பேசி அடிக்கத் தொடங்கியது. வக்கார். எடுத்து என்ன சொல்வது? அம்மாவை எப்படிக் கீழே இறக்குவது, ஆம்புலன்ஸ் கிடைக்குமா, அந்த மூன்று மாடி. அவள் கண் எதையும் பார்க்காமல் மேசையிலேயே கிடந்தது.

மேசையில் ஊக்கு நகர்ந்தது.

படுத்துக்கிடந்த ஊக்கு மெல்லத் திரும்பி, ஒரு முனையில் எழுந்து நின்றது. அவள் விரலால் சாய்த்தாள். மறுபடி எழுந்து நின்றது. குனிந்து மேசைக்கடியில் பார்த்தாள். பலகைக்கு நேர் கீழே, புத்தகம் வைக்கிற அடுக்கில், கனத்த தட்டு ஒன்று பக்கவாட்டிலிருந்து செருகியிருந்தது. அதன் மேலெல்லாம் ஆணிகளும் கம்பித் துண்டுகளும் முள்ளம்பன்றி மாதிரி சிலிர்த்துக்கொண்டு நின்றன.

"மாமா, இது இன்னா?"

"காந்தம். களத்துல சாமையோட ஆணி கீணி வந்துடும் இல்ல? அத பிடிக்கறதுக்கு மெஷின் வாயில போட்டிருக்கும்." அவர் குரலைத் தாழ்த்தியே சொன்னார், வகுப்பு நடப்பதாக நினைத்து. "மெஷின் நின்னாத்தான் உருவ முடியும். முன்னெல்லாம் சாயந்தரம் செய்வேன். இப்பதான் நீ பேசற நேரத்துல மெஷின் சும்மா நிக்குதேன்னு கழட்டித் தொடைக்கறேன்."

"இங்க ஏன் வெக்கறீங்க?"

"இரும்பு மேல வெச்சா நாலு ஆளு இழுத்தாலும் வராது. கீழ வெச்சா ஸ்பேனரெல்லாம் ஓடியாந்து ஒட்டிக்கும். மூட்டை மேல வெச்சா ஆணி திரும்ப சாமையில விழுந்துடும். மில்லுல மரம்னு இருக்கறது உன் டேபிள் ஒண்ணுதான்."

"எடுங்க மாமா. வாசலுக்குக் கொண்டுபோங்க. சீக்கிரம்!"

அவர் தட்டோடு வாசலைத் தாண்டியபோது திரை எரிந்தது. அவள் சத்தமாகச் சிரித்துவிட்டாள். "ஒருதரம் திரும்பக் கொண்டாங்க!" கொண்டுவந்தார். கறுத்தது. "போங்க!" எரிந்தது.

"இன்னாடி இது, என்ன வெச்சு ராட்டினம் சுத்தற?"

"மாமா, பழசுல மூடினது தெரியறதுக்கு ஒரு முளை இருந்துச்சு. இதுல அது இல்ல. மூடி விளிம்புல துளியூண்டு காந்தம் இருக்கும் போல. கீழ்ப்பாதி அந்தக் காந்தம் கிட்ட வருதான்னு பாத்துக்கினே இருக்கும். வந்தா மூடிட்டாங்கன்னு தூங்கிடும். உங்க காந்தம் பலகைக்கு அடியில இருந்து, மூடிட்டாங்க மூடிட்டாங்கன்னு சொல்லிக்கினே இருந்திருக்குது."

பூபாலன் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு வாசலிலேயே நின்றார். "அப்போ இத்தினி நாளா உன் பொழப்ப நான்தான் தூங்க வெச்சேனா?"

அவள் உடனே கைப்பேசியை எடுத்து, "சார், காரணம் கண்டுபிடிச்சுட்டேன், எல்லாரையும் இருக்கச் சொல்லுங்க" என்றாள். ஆசிரியர்கள் பாதிப்பேர் இருந்தார்கள். போனவர்களும் ஒவ்வொருவராக வந்தார்கள். வகுப்பு கடைசிவரை நடந்தது. திரை ஒருமுறைகூடக் கறுக்கவில்லை.

முடிந்ததும் வக்கார் அழைத்தார். அவள் எல்லாவற்றையும் சொன்னாள்.

"ஆணி பிடிக்கற காந்தம்னு எழுதினா மேல நம்புவாங்களா?" என்றார் அவர்.

"எழுதுங்க சார். வீடியோ எடுத்து அனுப்பறேன்."

"அனுப்பு. ஆனா கடைசி வரைக்கும் நடந்தத அவங்களும் பாத்தாங்க. அது போதும், இரு அங்கயே. அம்மாவ கேட்டேன்னு சொல்லு."

சாயந்தரம் மாமா ஒரு காலித் தக்காளிப் பெட்டியைக் கொண்டுவந்து, மில்லுக்கு வெளியே வாசலோரம் கவிழ்த்துப் போட்டார். பிளாஸ்டிக் பெட்டி. காந்தம் அதில் ஒட்டாது, ஆணி உதிர்ந்தாலும் சாமையில் விழாது. இனி மில்லை நிறுத்திக் கழற்றும் காந்தத் தட்டு மேசைக்கடியில் போகாது, அந்தப் பெட்டிமேல் போகும். அது அங்கே இருக்கும்வரை கணினி அணையாது.