துணைக்கு ஒரு வாய்த் தண்ணீர்

முப்பத்தாறு வருடம் பிறர் வாய்க்குள் எட்டிப் பார்த்துப் பிழைத்தவன் நான். பல் டாக்டர். வாயைத் திறந்து வைத்திருப்பவர்களால் பதில் பேச முடியாது என்பதால் அந்தத் தொழில் எனக்கு நன்றாகவே ஒத்துப்போனது. குதிரைகளெல்லாம் என் மனைவியின் பாடு. வீட்டுக்குப் பின்னால் லாயம் கட்டி, ஏழு குதிரைகள் வைத்து, சவாரி சொல்லிக் கொடுத்தாள். நான் அந்தப் பக்கம் போவதில்லை. போனால் தும்மல் வரும்.

அவள் போய்ப் பதினான்கு மாதம் ஆகிறது. ஆறு குதிரைகள் வேறு கைகளுக்குப் போய்விட்டன. ஏழாவதைக் கொடுக்க மட்டும் மனம் வரவில்லை. பழுப்பு நிறம், நெற்றியில் வெள்ளைத் திட்டு, பிடிவாதத்தில் அசல் என் மனைவிதான். எங்கள் மகளைப் பெரியவள் என்றும் இந்தக் குதிரையைச் சின்னவள் என்றும் கூப்பிடுவாள். மகளுக்கு முதலில் கோபம் வந்தது, பிறகு பழகிவிட்டது.

பெரியவள் கடல் கடந்து குடிபோய்ப் பத்து வருடம். தனியாக இருந்தது போதும், கிளம்பி வாங்க என்று விடாமல் நச்சரித்தாள். "சின்னவளும் வந்தா வர்றேன்" என்றேன். அதெல்லாம் ஆகிற காரியமில்லை என்பாள், பேச்சு அதோடு முடியும் என்று கணக்குப் போட்டிருந்தேன். அவள் யார் வயிற்றில் பிறந்தவள்! இரண்டே வாரத்தில் குதிரைகளை விமானத்தில் அனுப்பும் ஏஜென்ட் ஒருவரைப் பிடித்துவிட்டாள். வீடு கைமாறியது. இரத்தப் பரிசோதனை, தடுப்பூசி, அடையாளத் தாளில் சின்னவளின் சுழிகளை வரைவது என்று எல்லாம் நடந்தது. என்னுடைய பாஸ்போர்ட்டுக்குக்கூட யாரும் என்னை இவ்வளவு நேரம் உற்றுப் பார்த்ததில்லை.

கடைசி மூன்று நாள், நோய் எதுவும் தொற்றாமலிருக்க, விமான நிலையத்துக்குப் பக்கத்தில் உள்ள தனிமை லாயத்தில் இருக்க வேண்டும். அங்கேதான் வந்தது வினை. சின்னவள் தண்ணீர் குடிக்கவில்லை.

புது இடத்துத் தண்ணீரைக் குதிரைகள் லேசில் தொடாதாம். ஏஜென்ட் முன்பே எச்சரித்திருந்தார். "பத்து நாள் முன்னாடியே வாளியில ஆப்பிள் ஜூஸ் கலந்து பழக்குங்க சார். எந்த ஊர்த் தண்ணியா இருந்தாலும் ஒரே வாசனைதான் வரும்." அளவு பிசகாமல் கலந்து பழக்கினேன். வீட்டில் குடித்தாள். இங்கே அதே ஜூஸ், அதே வாளி. முகர்ந்தாள், மூக்கை நனைத்தாள், திரும்பிக்கொண்டாள்.

இரண்டாம் நாள் காலையில் அந்த லாயத்தின் கால்நடை மருத்துவர் வந்தார். கழுத்துத் தோலைக் கிள்ளிவிட்டுப் பார்த்தார். கிள்ளிய மடிப்பு உடனே விழவில்லை. நான் உதட்டைத் தூக்கி ஈறைத் தொட்டுப் பார்த்தேன். ஈறு எனக்குத் தெரியும். காய்ந்து பிசுபிசுவென்று இருந்தது.

"நீங்க என்ன நெனைக்கிறீங்க, டாக்டர்?" என்றார் அவர்.

"நீங்க நெனைக்கிறதேதான், டாக்டர்."

"இப்படியே விமானத்துல ஏத்தினா நடுவானத்துல வயிறு முறுக்கிக்கும். அங்க என்னால ஒண்ணும் பண்ண முடியாது. சாயங்காலம் அஞ்சு மணிக்குள்ள ஒரு வாளி முழுசா குடிக்கணும். இல்லேன்னா நான் கையெழுத்துப் போட மாட்டேன். தப்பா எடுத்துக்காதீங்க."

தப்பாக எடுத்துக்கொள்ள என்ன இருக்கிறது? அடுத்த குதிரை விமானம் மூன்று மாதம் கழித்து. எனக்கோ மறுநாள் மதியம் டிக்கெட். திரும்பிப் போக வீடு இல்லை. அவளை ஏற்றாவிட்டால், ஏஜென்டுக்குத் தெரிந்த ஒரு சவாரிப் பள்ளியில் விட்டுவிட்டு நான் மட்டும் போக வேண்டும். என் மனைவி என் பொறுப்பில் விட்டுப்போனது அந்த ஒரு உயிர்தான். அதைக்கூட ஒழுங்காகக் கொண்டுசேர்க்கத் துப்பில்லையா என்று என் மேலேயே எரிச்சல் வந்தது.

வீட்டுத் தண்ணீராகவே இருந்தால்? மருத்துவரிடம் கேட்டேன். சரி என்றார். ஒரு வேனைப் பிடித்து, இரண்டு கேன்களோடு பழைய வீட்டுக்கு ஓடினேன். போக ஒன்றரை மணி, வர ஒன்றரை மணி.

முப்பது வருடம் நான் சாவி போட்டுத் திறந்த கதவில் அழைப்பு மணியை அழுத்தினேன். உள்ளே யாரோ டிவி சத்தத்தைக் குறைத்தார்கள். புது வீட்டுக்காரப் பெண் எட்டிப் பார்த்தாள். "கொஞ்சம் தண்ணி வேணும்" என்றேன். பாவம், உள்ளே போய் ஒரு டம்ளரில் கொண்டுவந்து நீட்டினாள். விளக்கிச் சொல்ல நாக்குக் கூசியது. டம்ளரைக் கையில் வாங்கிக்கொண்டு நின்றேன், ஒரு வாய்கூட இறங்கவில்லை. அப்புறம்தான் கேன்களைக் காட்டினேன். லாயத்துக் குழாயைத் திறந்துவிட்டாள். சின்னவளின் கொட்டடியில் சைக்கிள்களை நிறுத்தியிருந்தார்கள்.

திரும்பி வரும்போது மணி மூன்றரை. தனிமை லாயத்து விதிப்படி குளித்து, அங்கே கொடுத்த அங்கியை மாட்டிக்கொண்டு உள்ளே போனேன். வீட்டுத் தண்ணீரை வாளியில் ஊற்றினேன். சின்னவள் முகர்ந்தாள். மூக்கை நனைத்தாள். திரும்பிக்கொண்டாள்.

"தலைகீழா நின்னு தண்ணி குடிச்சாலும் நீ மசிய மாட்டியா?" என்று கத்திவிட்டேன். பக்கத்துக் கொட்டடிக் குதிரை காதைத் திருப்பியது. சின்னவள் என்னைப் பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தால் தேவலை. எதற்கோ காத்திருப்பது போலப் பார்த்தாள்.

காலி வாளி ஒன்றைக் கவிழ்த்து உட்கார்ந்தேன். விடிந்ததிலிருந்து எதுவும் உள்ளே போகவில்லை, தொண்டை வறண்டு கிடந்தது. 'கொட்டடிக்குள் உண்ணவோ குடிக்கவோ கூடாது' என்று சுவரில் கொட்டை எழுத்தில் எழுதியிருந்தது. எழுதியிருக்கட்டும் என்று கேனைத் தூக்கி வாயில் சரித்தேன்.

பக்கத்தில் சளக் என்றது. சின்னவளின் மூக்கு வாளிக்குள் இருந்தது. தொண்டையில் மிடறு மிடறாக இறங்குவது தெரிந்தது. நான் கேனை இறக்கினேன்; அவள் தலையைத் தூக்கினாள். மறுபடி குடித்தேன், மறுபடி குனிந்தாள்.

எனக்குப் புரிந்துவிட்டது. புரிந்ததும் வெட்கமாக இருந்தது. மனைவி போனபிறகு காலைக் காபியைச் சமையலறையில் என்னால் குடிக்க முடியவில்லை. எதிரே ஒரு நாற்காலி சும்மா கிடக்கும். கோப்பையை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போய், கவிழ்த்த வாளியில் உட்கார்ந்து சின்னவளோடு குடிப்பேன். சாயங்காலமும் அதேபோல. தும்மிக்கொண்டே குடிப்பேன். பதினான்கு மாதம் இதை யாரிடமும் சொன்னதில்லை. ஏஜென்ட் தண்ணீரைப் பழக்கச் சொன்னார். நான் அறியாமல் வேறொன்றையும் பழக்கியிருந்தேன்.

நாலே முக்காலுக்கு மருத்துவர் வந்தபோது வாளி காலி. என் வயிறு பானையாக இருந்தது. மறைக்காமல் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. கையெழுத்துப் போட்டுவிட்டு, விமானத்தில் குதிரைகளோடு கூடப் போகிறவரைக் கூப்பிட்டுவிட்டார். வாட்டசாட்டமான ஆள், அதையே தொழிலாகச் செய்கிறவர்.

"அதுக்கென்ன சார், நான் குடிச்சா ஆச்சு" என்றார் அவர். "காபி எனக்கு ஆகாது. தண்ணி குடிச்சா ஒத்துக்குவாளா?"

"ஒத்துக்குவா. வாளியைக் கவுத்துப் போட்டு உக்காருங்க. நின்னுக்கிட்டுக் குடிச்சா நம்ப மாட்டா."

தலையாட்டினார். அப்புறம் யதார்த்தமாகத்தான் கேட்டார், "அங்க போனப்புறம் யார் சார் கூடக் குடிப்பாங்க?"

பெரியவள் வீடு மாடிக் குடியிருப்பு. சின்னவளுக்குப் பார்த்திருக்கும் லாயம் அங்கிருந்து ஒரு மணி நேரம். ஞாயிற்றுக்கிழமை தோறும் கூட்டிப்போவதாகச் சொல்லியிருந்தாள்.

வெளியே வந்து அவளுக்குப் போன் செய்தேன்.

"லாயத்துப் பக்கத்துல ஒரு ரூம் கெடைக்குமாம்மா? சின்னதா இருந்தாப் போதும். தனியா குடிக்க மாட்டேங்கறா."

"யாருப்பா?"

"என்ன யாருப்பா?"

"தனியா குடிக்க மாட்டேங்கறது யாரு? சின்னவளா, நீங்களா?"

போனைப் பிடித்துக்கொண்டு நின்றேன். முப்பத்தாறு வருடம் பிறரைச் செய்யச் சொன்னதை நான் செய்தேன். வாயைத் திறந்தேன், ஒன்றும் பேச முடியவில்லை.

"அம்மா போனப்பவே கேட்டிருக்கணும்ப்பா நான்" என்றாள். "ரூம் பார்க்கறேன்." அழுகிறாள் என்று தெரிந்தது. நான் போனை வைத்துவிட்டேன். ஏதாவது சொல்லியிருக்கலாம்.

காலையில் சின்னவள் விமானத்தில் ஏற்றும் பெட்டிக்குள் முரண்டு பிடிக்காமல் ஏறினாள். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மதியம் என் விமானம் கிளம்பும் முன் கூடப் போனவரிடமிருந்து செய்தி: 'நடுவில் இறங்கியிருக்கிறோம். அவள் இரண்டு வாளி. நான் ஒன்பது டம்ளர்.' நாலு தடவை படித்தேன்.

விமானத்தில் பணிப்பெண் எனக்கும் பக்கத்து இருக்கைக்காரருக்கும் தண்ணீர் வைத்துவிட்டுப் போனாள். அவர் கண்ணை மூடியிருந்தார். என் டம்ளரைக் கையில் எடுத்தேன், கீழே வைத்தேன். தாகம் இல்லை என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். கால் மணி நேரம் இருக்கும், அவர் விழித்து, என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, தன் டம்ளரை எடுத்து வாயில் வைத்தார்.

நானும் எடுத்தேன். ஒரே மூச்சில் முழுவதையும் குடித்தேன்.