கழுவாமல் வந்த நாணயம்

என் ஓரகத்திக்கு வீட்டில் சோப்பு என்று பெயர். வைத்தது நான்தான். கையில் எது அகப்பட்டாலும் தேய்த்துவிடுவாள். கல்யாணமாகி வந்த முதல் மாதமே என் கடைப் பெயர்ப்பலகையைத் துடைக்கிறேன் பேர்வழி என்று ஸ்டூல் போட்டு ஏறி, பாதி எழுத்தைத் துணியோடு இறக்கிக்கொண்டு வந்தாள். வேலையும் அதற்கேற்றாற்போல ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வாய்த்தது. பதினோரு வருடமாகப் படுக்கைவிரிப்பு வெளுக்கிறாள்.

நான் பழைய நாணயம் வாங்கி விற்கிறவள். சாவி போடுகிறவருக்கும் மூக்குக்கண்ணாடி பழுது பார்க்கிறவருக்கும் நடுவில், மாடியில் இருக்கிறது என் கடை. இரண்டு பேர் உள்ளே வந்துவிட்டால் மூன்றாவது ஆள் படிக்கட்டில் நிற்க வேண்டியதுதான். கடை சின்னது, வாய் பெரிது என்று என் வீட்டுக்காரர் சொல்வார். பொய்யில்லை.

ஒரு மத்தியானம் சோப்பு மூச்சிரைக்கப் படியேறி வந்து, மேஜைமேல் கைக்குட்டையைப் பிரித்தாள். இரண்டு வெள்ளி நாணயங்கள். அச்சகத்தில் பைண்டராக இருந்த அவள் அப்பா விட்டுப்போனவை.

"திட்டாம பாருங்கக்கா."

ஒன்றைப் பார்த்ததுமே எனக்குக் கோபம் தலைக்கு ஏறிவிட்டது. புதுச் சில்வர் டம்ளர் மாதிரி மின்னிக்கொண்டிருந்தது.

"என்னடி பண்ணே இதை?"

"ரப்பர் பேண்ட் சுத்தி வச்சிருந்தாரு அப்பா. குறுக்கால கருப்பா கோடு விழுந்திருந்துச்சு. அழுக்கோட உங்க மேஜையில வைக்கக்கூடாதேன்னு பல்பொடி போட்டு..."

அவ்வளவுதான். அரைமணி நேரம் விடாமல் திட்டினேன். சாவிக்காரர் ராவுவதை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். அந்த வருடத்து நாணயம் சாமானியத்தில் கிடைக்காது. கிரேடிங் நிறுவனத்துக்கு அனுப்பினால் நுணுக்கமாகப் பார்த்து, எழுபதுக்கு இவ்வளவு என்று மார்க் போட்டு, பிளாஸ்டிக் பெட்டியில் சீல் வைத்துத் தருவார்கள். அந்த மார்க்கை வைத்துத்தான் விலை. தேய்த்த நாணயத்துக்கு மார்க்கே கிடையாது. 'துடைக்கப்பட்டது' என்று எழுதித் திருப்பிவிடுவார்கள். அப்புறம் அதற்கு வெள்ளியின் எடைக்கு மேல் கொஞ்சம் கிடைத்தால் பெரிது.

நான் திட்டி முடிக்கும்வரை தலை குனிந்திருந்தவள், பிறகு ஒரு தாளை நீட்டினாள். நர்ஸ் பயிற்சிப் பள்ளியில் இடம் கிடைத்திருந்தது. முப்பத்தெட்டு வயதில்! வயது வரம்புக்குக் கடைசி வருடம். நாற்பது நாளுக்குள் முதல் கட்டணம் கட்டாவிட்டால் இடம் அடுத்தவருக்குப் போய்விடும். என் கொழுந்தன் குழாய் வேலை செய்கிறவன். அவன் சம்பாத்தியம் வாடகைக்கும் வயிற்றுக்குமே இழுத்துக்கோ பிடித்துக்கோ என்றிருக்கும்.

திட்டினதை நினைத்தால் எனக்கே கசந்தது. இன்னொரு நாணயத்தை எடுத்தேன்.

அதைக் காகித உறையில் போட்டு வைத்திருந்திருக்கிறார் மனிதர். பைண்டர் அல்லவா, அவரே மடித்து ஒட்டிய முரட்டுப் பழுப்புக் காகிதம். இத்தனை வருடம் அந்தக் காகிதத்தோடு ஒட்டிக் கிடந்ததில் நாணயத்துக்கு நிறம் ஏறியிருந்தது. விளிம்பில் கருநீலம், உள்ளே ரோஜா நிறம், அதற்குள் மஞ்சள், நடுவில் மட்டும் பழைய வெள்ளி. எங்கள் தொழிலில் டோனிங் என்போம்.

நல்ல டோனிங்குக்கு உயிரை விடுகிறவர்கள் உண்டு. நான் அந்த ரகம் இல்லை. முன்பு ஒருவன் மருந்து தடவிச் சூடுகாட்டிச் செயற்கையாக ஏற்றிய நிறத்தை நிஜமென்று நம்பி வாங்கி, வசமாக ஏமாந்தவள் நான். அதிலிருந்து நிறம் என்றாலே எனக்குச் சந்தேகம். கிரேடிங்காரர்களுக்கும் அந்தச் சந்தேகம் வந்துவிட்டால் மார்க் போட மாட்டார்கள். மனசுக்குள் கணக்குப் போட்டேன். மங்கல் எடுக்கும் திரவத்தில் இரண்டு விநாடி முக்கினால் கீறல் விழாமல் நிறம் போய்விடும். வெள்ளை நாணயத்துக்கு வாங்க ஆள் ரெடி. கட்டணத்தில் பாதி நிச்சயம். மீதியை நான் போட்டுக்கொள்ளலாம், அவளிடம் சொல்லாமல்.

சீசாவை எடுத்துத் திறந்தேன். குப்பென்று நெடி அடித்தது.

"என்னக்கா அது?"

"நிறத்தை எடுக்கற மருந்து."

"இப்பதானே தொடக்கூடாதுன்னு அந்தக் கத்து கத்தினீங்க?"

"நீ தேச்சது வேற, இது வேற. எனக்குத் தெரியும், நீ சும்மா இரு."

அவள் சும்மா இருக்கவில்லை. என்னை மீறி ஒரு வார்த்தை பேசாதவள், அன்று நாணயத்தின்மேல் கையைக் கவிழ்த்து வைத்துக்கொண்டாள்.

"அக்கா, இது கறை இல்ல. கறைன்னா வெளிச்சம் அதோட நின்னுடும். ரத்தம், மருந்து, எண்ணெய், எல்லாக் கறையும் பாத்தாச்சு நான். இதுல வெளிச்சம் உள்ள போயிட்டு வருது. பட்டுல சாயம் ஏறின மாதிரி. இதை வெளுத்தீங்கன்னா நூலு செத்துடும். அந்த ஒண்ணைத் தேச்சு முடிச்சப்பதான் எனக்கே உறைச்சுது. பளபளன்னு இருந்துச்சு, ஆனா செத்துப் போச்சு. அதான் இதைத் தொடாம கொண்டுவந்தேன்."

கையை எடுத்தாள். நான் விளக்கின் கழுத்தை வளைத்து, நாணயத்தை விளிம்பில் பிடித்து மெல்லச் சாய்த்தேன். நிறத்துக்கு அடியில், அச்சடித்த அன்றைக்கு இருந்த மினுக்கம் அப்படியே நாணயத்தைச் சுற்றி ஓடியது. பூசின நிறமாக இருந்தால் இந்த ஓட்டம் செத்திருக்கும். இருபது வருடம் இந்தத் தொழிலில் குப்பை கொட்டியவள் நான். முதலில் பார்த்திருக்க வேண்டியது இதைத்தான். பயத்தில் நிறத்தைப் பார்த்தேனே தவிர நாணயத்தைப் பார்க்கவில்லை.

சீசாவை மூடினேன். இல்லை, நான் மூடியைத் தேடுவதற்குள் அவள்தான் மூடினாள்.

அனுப்பி முப்பத்தைந்து நாள் கழித்துப் பெட்டி வந்தது. அறுபத்து நான்கு. நிறத்தைப் பற்றிக் குறை ஒன்றும் இல்லை. நல்ல மார்க், ஆனால் விலைப்பட்டியலில் அந்த மார்க்குக்குப் போட்டிருந்தது கட்டணத்தில் பாதிதான். எதிரில் நாணயக்கடை வைத்திருக்கிறவர் மோப்பம் பிடித்து வந்து, பெட்டியை ஏற இறங்கப் பார்த்தார்.

"அறுபத்து நாலுக்கு லிஸ்ட்ல என்ன இருக்கோ அதைக் கையில தரேன். இப்பவே. இந்த அழுக்குக்கு நான் குறைச்சுக் கேக்கலையேன்னு சந்தோஷப்படுங்க."

கெடுவுக்கு மூன்று நாள். சோப்பு என் முகத்தைப் பார்த்தாள். எனக்கும் சபலம் தட்டியது. அன்று அவள் நாணயத்தின்மேல் கை வைத்து மறித்தது ஞாபகம் வந்தது. தர மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். அவர் முணுமுணுத்துக்கொண்டே படியிறங்கினார்.

மறுநாள், சோப்பும் கடையில் இருக்கும்போது, என் பழைய வாடிக்கைக்காரரான பல் டாக்டர் வந்தார். வாய்க்குள் பார்க்கிற அதே லென்ஸை மாட்டிக்கொண்டுதான் நாணயமும் பார்ப்பார். மார்க் எழுதிய சீட்டை விரலால் மறைத்துவிட்டு, வெறும் நாணயத்தை மட்டும் விளக்கடியில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அறுபத்து நாலு மார்க் வாங்கின நாணயம் ஆயிரம் பார்த்திருக்கேன்மா. நம்பரை வாங்கறதுக்கு நான் வரல. இதைத் தினம் எடுத்துப் பாக்கணும்போல இருக்கு. என்ன கேக்கறீங்க?"

பட்டியல் விலையைப்போல இரண்டு மடங்கு கேட்டேன். பேரம் பேசுவார் என்று பார்த்தால், பேசவில்லை. பணத்தை எடுத்து வைத்துவிட்டு, "இன்னும் கொஞ்சம் கேட்டிருக்கலாம் நீங்க" என்று சிரித்தார். அப்புறம்தான் சொன்னார்:

"வேற யார் கையில கிடைச்சிருந்தாலும் மருந்துல முக்கியிருப்பாங்க. உங்க கண்ணே கண்ணு."

வாயில் வந்து விழுந்த அந்தப் பாராட்டை விழுங்கியிருக்கலாம். என் தொழிலுக்கு அப்படி ஒரு பேச்சு பெரிய சொத்து.

"என் கண்ணு இல்ல டாக்டர். நான் சீசாவைத் திறந்துட்டேன். இவதான் தடுத்தா. என் ஓரகத்தி."

டாக்டர் எழுந்து அவளுக்கு ஒரு கும்பிடு போட்டார். சோப்புக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. புடவைத் தலைப்பால் என் மேஜையைத் துடைக்க ஆரம்பித்துவிட்டாள்.

அடுத்த நாள் காலை பயிற்சிப் பள்ளியில் கட்டண வரிசையில் அவளோடு நானும் நின்றேன். முன்னும் பின்னும் பள்ளிக்கூடம் முடித்த பெண்கள். இவள் மட்டும் சலவைக்கூடச் சீருடையில், வேலைக்குப் போகிற வழியில் வந்திருந்தாள். பணம் கட்டி ரசீதை வாங்கியவள், அதை மடிக்காமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வந்தாள். எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. நன்றி என்ற வார்த்தை என் வாயில் சுலபமாக வராது. அன்று வந்தது. அன்று என்னைத் தடுத்ததற்காக அவளிடமே சொன்னேன். அப்புறம், நாற்பது நாளாக என்னை அரித்துக்கொண்டிருந்ததையும் கேட்டேன்.

"நீ சொல்லியும் கேக்காம அன்னிக்கு நான் முக்கியிருந்தா என்னடி பண்ணியிருப்பே?"

"ஒண்ணும் பண்ணியிருக்க மாட்டேன்க்கா."

"திட்டியிருக்க மாட்டே?"

"எதுக்குத் திட்டணும்? எனக்காகத்தானே பண்ணியிருப்பீங்க" என்றாள்.

அவளும் தன் அப்பாவின் நாணயத்தை எனக்காகத்தான் தேய்த்திருந்தாள், அழுக்காகக் கொண்டுவந்து என் மேஜையில் வைக்கக்கூடாதென்று. அரைமணி நேரம் திட்டினேனே, அதை ஒரு நாளும் அவள் சொல்லிக்காட்டவில்லை. நடைபாதை என்றும் பாராமல் அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.