சுங்க அதிகாரியும் கடத்தல்காரியும்

பாப்பாவுக்கு முப்பத்தைந்து வயது. அந்த வயதுக்காரியைக் கூசாமல் பாப்பா என்று கூப்பிட அப்பா ஒருவரால்தான் முடியும். அவள் வேலை பார்த்தது ஒரு பல் லேபில். டாக்டர்கள் அனுப்பும் அச்சை வைத்து அங்கே பீங்கான் பல் செய்வார்கள். செய்த பல்லுக்குச் சாயம் தீட்டுவது அவள் பொறுப்பு. பல் என்றால் வெள்ளை என்று நினைக்கிறவர்கள் பல்லைப் பார்த்ததே இல்லை என்பாள். ஈறோரம் தேன் மஞ்சள், நுனியில் கண்ணாடி போல ஒரு நீலச் சாயல், காபிப் பிரியருக்கு நடுவே மெல்லிய பழுப்புக் கோடு. வாயில் பொருத்திய பிறகு எது புதுப் பல் என்று அந்த வாயின் சொந்தக்காரரே தடவிப் பார்த்துத் தேட வேண்டும்.

நாளெல்லாம் இதைச் செய்துவிட்டு வீட்டுக்கு வந்ததும் ஜன்னலோர மேஜையில் உட்கார்ந்து மறுபடியும் தூரிகையை எடுப்பாள். இங்கே பல் கிடையாது. கட்டைவிரல் உயரக் குட்டி உருவங்கள். வாள்வீரன், மந்திரக்காரி, மூட்டை தூக்குகிறவன், மூட்டையைத் திருடுகிறவன். எல்லாம் கதை விளையாட்டுக்கானவை. அந்த விளையாட்டில் ஒருவர் கதையை நடத்துவார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகி, "நான் கதவைத் திறக்கிறேன்", "நான் ஓடிடறேன்" என்று சொல்லிக்கொண்டே போவார்கள். முடியுமா முடியாதா என்று சந்தேகம் வந்தால் பகடை தீர்ப்புச் சொல்லும். லேப் நண்பர்களோடு பல வருஷம் விளையாடியிருக்கிறாள். ஒருத்தர் ஊர் மாறினார், ஒருத்திக்கு இரட்டைப் பிள்ளை பிறந்தது, கூட்டம் கலைந்தது. விளையாட்டுப் பெட்டிகள் அலமாரியின் மேல்தட்டில் ஏறிக்கொண்டன. வண்ணம் தீட்டுவது மட்டும் அவள் கையை விட்டுப் போகவில்லை.

அம்மா இறந்து சில வருஷம் ஆகியிருந்தது. அந்த வருஷம் அப்பா இரண்டாவது கல்யாணம் செய்துகொண்டார்.

பாப்பாவுக்கு அதில் வருத்தம் இல்லை. ஆர்வம்தான் இருந்தது, அதுவும் அடக்க முடியாத ஆர்வம். அப்பா ரயிலில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர். வாழ்நாள் முழுக்கக் கேள்வி கேட்டுப் பழகியவர், பதில் சொல்லிப் பழகாதவர்.

"அவங்களை எப்படிப்பா தெரியும்?" என்று அவள் கேட்டபோது, "தெரிஞ்சவங்கதான்" என்றார். மேலே கேட்டால் தொண்டையைச் செருமிக்கொண்டு செய்தித்தாளைப் பிரித்தார்.

வந்தவர் கணவரை இழந்தவர், ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் டெலிபோன் ஆபரேட்டராக இருந்தவர். ஒல்லியான உடம்பு, இழைத்த மரம் போல வழவழப்பான குரல். எதற்கும் "சரிங்க" என்பார். கூடவே அவருடைய மகன், ஒரு லிப்ட் மெக்கானிக்கும் வந்து சேர்ந்தான். பாப்பாவை வந்த அன்றே அக்கா என்று கூப்பிட்டுவிட்டான். அவளுக்கும் தம்பி என்பது சுலபமாக வந்துவிட்டது. அவன் அம்மாவைக் கூப்பிடத்தான் வாய் வரவில்லை. சித்தி என்பது மனசுக்குள் சரளமாக ஓடும். நாக்கு நுனிக்கு வந்ததும் பிரேக் போட்டு நிற்கும். அதனால் பெயரும் இல்லாமல் முறையும் இல்லாமல், "வாங்க", "இதை எடுத்துக்குங்க", "கதவைச் சாத்திடட்டுமா" என்று வினைச்சொல்லை வைத்தே காலத்தை ஓட்டினாள்.

வீட்டில் சண்டை கிடையாது. அதுதான் தொந்தரவே. நாலு பேரும் ஒருவருக்கொருவர் விருந்தாளிகளாக இருந்தார்கள். குளியலறைக்கு முன்னால் நின்று "நீங்க போங்க", "பரவால்ல, நீங்க முதல்ல" என்று கெஞ்சிக்கொள்வார்கள். சாப்பாட்டு மேஜையில் உப்பு சரியாக இருக்கிறதா என்பதைத் தாண்டிப் பேச்சு போகாது.

ஒரு நாள் தம்பி ஜன்னலோரம் காய்ந்துகொண்டிருந்த உருவங்களைக் குனிந்து பார்த்தான்.

"அக்கா, இதுக்குக் கண்ணெல்லாம் இருக்கே!"

"கண்ணில்லாம எப்படிச் சண்டை போடும்?"

"இவ்வளவு சின்னதா எப்படி வரஞ்சீங்க?"

"மூச்சை அடக்கிட்டு வரையணும்."

"நானும் மூச்சை அடக்கிட்டுத்தான் வேலை பாக்கறேன். ஆனா அது பயத்துல." சிரித்துக்கொண்டே ஒரு வாள்வீரனைக் கையில் எடுத்தான். "ஞாயித்துக்கிழமை மத்தியானம் ஆளுக்கொரு மூலைல உக்காந்து போனை நோண்டறோம். அதுக்கு இதை விளையாடலாம்ல?"

பாப்பாவுக்கு அந்த யோசனை பிடித்துப்போனது. மேல்தட்டிலிருந்து பெட்டிகளை இறக்கினாள். தனக்கு ரொம்பப் பிடித்த பழைய விளையாட்டையே எடுத்தாள். செங்கல் கனத்துக்கு விதிப் புத்தகம், பாழடைந்த குகை, குகைக்குள் பூதம். அப்பாவுக்கு விதி என்றால் உயிர் என்பதால் கண்டிப்பாக ரசிப்பார் என்று கணக்குப் போட்டாள்.

அப்பா அளவுக்கு மீறியே ரசித்தார். குகை வாசலை விட்டு நகர மறுத்தார்.

"கதவுக்குப் பூட்டு இருக்கா?"

"இருக்குப்பா."

"அப்ப சாவி யார்கிட்ட? உள்ள போக யார் அனுமதி கொடுத்தது?"

"அப்பா, அது பாழடைஞ்ச குகை."

"பாழடைஞ்சா சொந்தக்காரன் இல்லாம போயிடுவானா?"

தம்பி கோடாலியால் கதவை உடைக்கப் பார்த்தான். அதற்கு எந்தப் பகடை, எத்தனை கூட்ட வேண்டும் என்று அப்பா புத்தகத்தைப் புரட்ட ஆரம்பித்தார். சித்தி பாவம், வாசலில் நின்ற காவல்காரக் கிழவனிடம் பேச்சுக் கொடுத்துப் பார்த்தார். "உங்களுக்கு எத்தனை பிள்ளைங்க? தினமும் இங்கயே நிக்கறீங்களே, கால் வலிக்காதா?" அந்தக் கிழவனைப் பற்றிப் புத்தகத்தில் ஒரே ஒரு வரிதான் இருந்தது. பாப்பா எதையோ சொல்லி மழுப்பினாள். சற்று நேரத்தில் சித்தி எழுந்துபோய்த் துணி மடிக்க ஆரம்பித்தார். பூதம் அன்று யாரையும் பார்க்கவில்லை.

பாப்பாவுக்கு முதலில் சப்பென்று ஆகிவிட்டது. ஆனால் மறுநாள் லேபில் ஒரு கடைவாய்ப் பல்லைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தபோது வேறொன்று பட்டது. யாருமே சும்மா இருக்கவில்லையே! அப்பா சோதனை போட்டார். தம்பி எதையாவது பிரித்துப் பார்க்கத் துடித்தான். சித்தி, ஒன்றுமில்லாத ஒரு கிழவனின் குடும்பத்தை விசாரித்தார். பிழை அவர்கள் மேல் இல்லை, குகை மேல்தான். பக்கத்துப் பல்லைப் பார்க்காமல் சாயம் கலந்த கதையாகிவிட்டது.

அந்த வாரம் முழுக்க ஒவ்வொரு பெட்டியாகத் திறந்து பார்த்தாள். பேய் வீடு ஒன்று இருந்தது. சாவைப் பார்த்த இரண்டு குடும்பங்களுக்கு அது வேண்டாம் என்று ஒதுக்கினாள். விண்வெளிக் கப்பலில் கணக்கு அதிகம். கடைசியில் ஒரு மெல்லிய பெட்டி அகப்பட்டது. ஒரு துறைமுகம், அங்கே வேலை செய்கிற மனிதர்கள், கைக்கு அடக்கமாக நாலே பக்கம் விதி, கூடவே ஒரு கட்டுக் கேள்வி அட்டைகள். ஆட்டம் தொடங்குமுன் ஆளுக்கொரு அட்டை எடுத்து, தன் பாத்திரத்தின் சார்பில் பதில் சொல்ல வேண்டும். பதிலிலிருந்துதான் கதையே முளைக்கும்.

சாம்பல் நிறத்தில் கிடந்த வண்ணம் தீட்டாத உருவங்களை மேஜையில் கொட்டி, பிடித்ததை எடுத்துக்கொள்ளச் சொன்னாள். அப்பா கண்ணை மூடிக்கொண்டு எடுத்தாலும் அதையே எடுத்திருப்பார், தொப்பி வைத்த சுங்க அதிகாரி. தம்பி துறைமுகத்துப் பழுதுபார்ப்பவனை எடுத்தான். சித்தி விரலால் எல்லாவற்றையும் புரட்டினார். ராணி இருந்தாள், வைத்தியச்சி இருந்தாள், மீன் விற்கிறவள் இருந்தாள். அத்தனையையும் தள்ளிவிட்டு, இடுப்பில் கத்தி செருகி, ஒரு காலைப் பெட்டி மேல் தூக்கி வைத்திருந்த ஒருத்தியைப் பொறுக்கினார்.

"இவங்க யாரு?"

"கடத்தல்காரி. சொந்தமா கப்பல் வச்சிருக்கா."

"அப்ப இவங்கதான்." பிறகு கொஞ்சம் தயங்கி, "செருப்புக்கு மட்டும் நல்ல சிவப்பு அடிக்க முடியுமா?" என்றார்.

பாப்பா அந்த வாரம் சிவப்பை மூன்று விதமாகக் கலந்து பார்த்தாள். எதற்கும் "சரிங்க" சொல்கிற மனுஷி எதற்காகக் கத்தியையும் சிவப்புச் செருப்பையும் கேட்டார்? தூரிகை நுனியைச் செருப்பின் மடிப்புக்குள் நுழைக்கும்போதெல்லாம் இதே கேள்விதான் குடைந்தது.

ஞாயிற்றுக்கிழமை மதியம் நாலு பேரும் உட்கார்ந்தார்கள். மேஜை விளிம்பில் உருவங்கள் வரிசையாக நின்றன. முதல் அட்டையைச் சித்தி எடுத்துச் சத்தமாகப் படித்தார்.

"இந்த மேஜையில் இருப்பவர்களில் ஒருவரை உங்களுக்கு முன்பே தெரியும். யாரை, எப்படி?"

அட்டையைக் கவிழ்த்து வைத்தார். கடத்தல்காரியை எடுத்துச் சுங்க அதிகாரிக்கு எதிரே நிறுத்தினார்.

"எனக்கு இந்த அதிகாரியைத் தெரியும். ஆளா இல்ல, குரலா."

அப்பா தண்ணீர் டம்ளரைக் கீழே வைத்தார்.

"கப்பல் வாங்கறதுக்கு முன்னாடி நான் கரையில வேலை பார்த்தேன்," என்றார் சித்தி. "கப்பல்ல இருக்கறவங்களுக்கும் வீட்ல இருக்கறவங்களுக்கும் நடுவுல இணைப்புக் கொடுக்கற வேலை. கூண்டு மாதிரி ஒரு அறை. இந்த அதிகாரி தினமும் காலைல கூப்பிடுவார். பழுதாகி நின்ன ஒரு கப்பலைப் பத்திக் கேட்பார். நான் இணைப்புக் கொடுக்கணும், அதோட என் வேலை முடிஞ்சுது. ஆனா இவர் அதுக்கு முன்னாடி, 'வணக்கம்மா, சாப்பிட்டீங்களா'ன்னு கேட்பார். அந்தக் கூண்டுல என்னை யாரும் அப்படிக் கேட்டதில்ல."

பாப்பாவின் கையில் பகடை இருந்தது. அதை உருட்டவும் தோன்றவில்லை, கீழே வைக்கவும் தோன்றவில்லை.

"ஒரு நாள் அவர் கூப்பிடறதுக்கு முன்னாடியே எனக்குச் சேதி வந்துடுச்சு. நான் சொல்லக் கூடாது, அது விதி. இணைப்புக் கொடுத்தா, அந்தப் பக்கம் யாராவது நூறு வேலைக்கு நடுவுல சட்டுனு சொல்லிடுவாங்க. போனைப் பிடிச்சுட்டு அவர் தனியா நிப்பார். அதனால இணைப்புக் கொடுக்கல. 'நீங்க நேர்ல வந்துடுங்க, பொண்ணையும் கூட்டிட்டு வாங்க'ன்னு மட்டும் சொன்னேன்."

அம்மா இறந்த அந்தக் காலை பாப்பாவுக்கு நன்றாக நினைவிருந்தது. அப்பா போனை வைத்துவிட்டு, "நேர்ல வரச் சொல்றாங்க, செருப்பை மாட்டு" என்றார். ஆட்டோவில் அவர் கையை இவள் பிடித்துக்கொண்டாள். வார்டு வாசலில் டாக்டர் பேச ஆரம்பித்தபோது இருவரும் ஒன்றாக நின்றார்கள். வரச் சொன்னது யார் என்று அவள் ஒரு தடவைகூட யோசித்ததில்லை.

அழலாமா, எழுந்து போகலாமா என்று ஒரு கணம் தடுமாறினாள். ஆனால் அவள் இப்போது கதையை நடத்துகிறவள். அந்த நாற்காலியில் இருப்பவருக்குக் கேள்வி கேட்க உரிமை உண்டு. இத்தனை மாதமாக வீட்டில் கேட்டும் பதில் வராததை மேஜையில் கேட்டாள்.

"அப்புறம் அதிகாரி அவங்களை எப்படிக் கண்டுபிடிச்சார்?"

அப்பா செருமினார். செய்தித்தாள் கைக்கு எட்டவில்லை. தொப்பிக்காரனைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"ரொம்ப நாள் கழிச்சு... ஒரு நன்றி சொல்லிட்டு வரலாம்னு போனார். முகம் தெரியாது, பேரு தெரியாது. கூண்டுக்கு வெளிய நின்னு என்ன சொல்றதுன்னும் தெரியல. 'சாப்பிட்டீங்களாம்மா'ன்னு கேட்டார். அவங்க திரும்பிப் பார்த்து, 'இவ்வளவு நாளா ஏன் கூப்பிடல'ன்னாங்க. அவ்வளவுதான்."

தம்பி அம்மாவின் பக்கம் திரும்பினான்.

"அம்மா! இதை என்கிட்டகூட நீ சொன்னதில்லையே?"

"நீ கேட்டியாடா?"

"கல்யாணத்துக்கு முன்னாடி எத்தனை தடவை கேட்டேன்! 'தெரிஞ்சவங்கதான்'னே!"

"அக்காவுக்கும் அதே பதில்தான்," என்றாள் பாப்பா. அவளுக்குச் சிரிப்பு வந்தது, கண்ணும் கலங்கியது. "ரெண்டு பேரும் பேசி வச்சுச் சொன்னீங்களா?"

"சரி சரி, ஆட்டத்தை நடத்து," என்றார் அப்பா. காது மடல் சிவந்திருந்தது.

ஆட்டம் நடந்தது. அது ஒரு நாளைக்குள் முடிகிற ஆட்டமாகவும் இல்லை. கடத்தல்காரி ஒரு கப்பல் நிறையப் பெட்டிகளோடு துறைமுகத்துக்கு வந்தாள். அதிகாரி பெட்டியைத் திறக்கச் சொன்னார்.

"திறக்கலாங்க," என்றார் சித்தி, இணைப்புக் கொடுக்கும் அதே வழவழப்பான குரலில். "உள்ள எங்க அண்ணன் இருக்கார். தொத்து வியாதில போனவர். நீங்க முதல்ல பாக்கறீங்களா, இல்ல உங்க ஆளுங்க பாக்கட்டுமா?"

அப்பா மேலதிகாரியின் அனுமதிச் சீட்டைக் கேட்டார். அது அண்ணன் சட்டைப் பையில் இருப்பதாகப் பதில் வந்தது. பகடையை உருட்டினார். ஒன்றுதான் விழுந்தது, அதாவது தோல்வி. ஓசிப் பயணி ஒருவரைக்கூட விட்டுவைக்காத டிக்கெட் பரிசோதகர், ஒரு கப்பல் சரக்கைக் கும்பிட்டு வழியனுப்பினார். தம்பி மேஜையைத் தட்டித் தட்டிச் சிரித்தான்.

"கப்பல்காரி, எங்க கத்துக்கிட்டீங்க இந்தப் புளுகை?" என்று பாப்பா கேட்டாள். கேட்ட பிறகுதான், அவரை முதல்முறையாக ஒரு பெயர் வைத்துக் கூப்பிட்டிருக்கிறோம் என்பது உறைத்தது. அந்தப் பெயரே வீட்டில் நிலைத்தும்விட்டது.

"பெரிய டாக்டர் பக்கத்துலயே உக்காந்து நிதானமா டீ குடிச்சிட்டிருப்பார்," என்றார் கப்பல்காரி. "'இப்பதாங்க கிளம்பினார்'னு ஒரு நாளைக்குப் பத்து பேர்கிட்ட சொல்லுவேன். குரல்ல ஒண்ணும் தெரியக் கூடாது. அந்த வேலைக்கு அதுதான் படிப்பு."

அடுத்த சில நாட்களில் ஒரு மாலை, பாப்பா விளக்கை இழுத்து வைத்துக்கொண்டு அதிகாரியின் சட்டைப் பொத்தான்களைத் திருத்திக்கொண்டிருந்தாள். அவை வெள்ளி நிறத்தில் இருப்பது தப்பு, பித்தளையில்தான் இருக்க வேண்டும் என்பது அப்பாவின் புகார். கப்பல்காரி ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் தூரிகையையே பார்த்தார்.

"உன்கிட்ட ஒண்ணு கேக்கலாமா?" அதுவரை நீங்க என்றவர் அன்றைக்கு நீ என்றார்.

"கேளுங்க."

"தினமும் அந்த வார்டுக்கு இணைப்புக் கொடுத்தேன். உங்க அம்மாவும் உங்க அப்பாவும் பேசுவாங்க. நான் ஒரு நாளும் ஒட்டுக் கேட்டதில்ல, அது கூடாது. அதனால அவங்க குரல் எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியாது. இந்த வீட்டுக்கு வந்ததுலேர்ந்து அதைத்தான் நினைச்சுட்டிருக்கேன். எப்படி இருக்கும்?"

பாப்பா தூரிகையைத் தண்ணீரில் போட்டாள். அம்மா எப்படிச் சமைப்பாள், எப்படிக் கஷ்டப்பட்டாள் என்றெல்லாம் கேட்டிருக்கிறார்கள். குரலைப் பற்றி இதுவரை யாரும் கேட்டதில்லை. கண்ணை மூடித் தேடினாள்.

"கொஞ்சம் கரகரன்னு இருக்கும். சளி பிடிச்ச மாதிரி. ஆனா பாடறதுல ரொம்ப ஆசை. அவங்க பாட ஆரம்பிச்சா நானும் அப்பாவும் செருப்பை மாட்டிட்டு வெளிய கிளம்பிடுவோம்."

கப்பல்காரி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். "என்ன பாட்டு?" என்றார்.

பாப்பா தொண்டையைச் சரிசெய்துகொண்டு, அம்மா பாடுகிற மாதிரியே, சுருதி தப்பித் தப்பிப் பாட ஆரம்பித்தாள்.