எட்டுக் காலுக்கு அரை நாள் லீவு

முடிவெட்டும் கடை வைத்திருப்பவனுக்கு ஊரிலுள்ள அத்தனை புருஷன்மாரின் வயிற்றெரிச்சலும் தெரியும். நாற்காலியில் உட்கார வைத்துத் துணியைப் போர்த்தினால் போதும், கொட்டித் தீர்த்துவிடுவார்கள். இவன் தன் வயிற்றெரிச்சலை எந்த நாற்காலியில் போய்ச் சொல்வான்? பெண்டாட்டி தன்னைவிட ஒரு சிலந்தியைத்தான் தாங்கு தாங்கென்று தாங்குகிறாள் என்று சொன்னால் கடையே சிரிக்காதா?

சிலந்தி என்றால் மூலையில் ஒட்டடை கட்டுகிற ஜாதி இல்லை. டரான்டுலா. உள்ளங்கை அகலம், உடம்பெல்லாம் ரோமம். அவன் மனைவி மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறாள். அங்கே கூட இருந்தவள் வேறு ஊருக்குப் போகும்போது, கண்ணாடிப் பெட்டியோடு அதை இவள் தலையில் கட்டிவிட்டாள். முதலில் பெட்டிக்குப் பக்கத்தில் போகவே நடுங்கினாள். அப்புறம் என்ன மாயமோ, பட்டு என்று பெயரே வைத்துவிட்டாள்.

பட்டுக்கு வந்த வாழ்வைப் பார்க்க வேண்டுமே! படுக்கத் தேங்காய் நார்த்தூள். ஒளிந்துகொள்ள மரப்பட்டை. தண்ணீர் வைக்கிற பாட்டில் மூடிக்குத் தினமும் குளியல். சாப்பிட உயிரோடு சிள்வண்டு. அதற்கு அதிர்வு ஆகாதாம், அதனால் இவன் தன் வீட்டு அலமாரியைத் திருடன் மாதிரி மூட வேண்டும். போன மாதம் இவனுக்குக் காய்ச்சல் அடித்தபோது, "மாத்திரை டப்பாவுல இருக்கு, போட்டுக்குங்க" என்றாள். அதோடு சரி. பட்டு என்ற பேரைக் கேட்டாலே அவனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

திடீரென்று பட்டு சாப்பாட்டை நிறுத்தியது. மனைவிக்கும் சோறு இறங்கவில்லை.

"நான் படிச்சுப் பார்த்தேங்க. சாப்பிடலைன்னா அதுக்கு ஒரு காரணம் இருக்காம். முதல்ல இப்படித்தான் இருக்குமாம், அப்புறம்..."

"அந்தத் தண்ணியை இப்படித் தள்ளு" என்றான் அவன்.

அவள் மிச்சத்தைச் சொல்லவில்லை.

மறுநாள் மதியம் சாப்பிட வீட்டுக்கு வந்தவன் பெட்டியை எட்டிப் பார்த்தான். பட்டு மல்லாந்து கிடந்தது, எட்டுக் காலும் மேலே. கண்ணாடியைத் தட்டினான். அசையவில்லை.

செத்துப் போச்சு! அப்பாடா என்று இருந்தது. பொய் எதற்கு, விசிலே அடித்துவிட்டான். பிறகு அவள் ஞாபகம் வந்தது. வந்து பார்த்து அழுவாள். அழட்டுமே! சாய்ந்து அழ இவன் தோளைத் தவிர வேறு எது இருக்கிறது? செருப்பு வாங்கிய அட்டைப் பெட்டியைத் தேடி எடுத்து, உள்ளே காகிதம் மடித்துப் போட்டான். கழுத்து முடியைத் தட்டுகிற பிரஷ்ஷைக் கடையிலிருந்து கொண்டுவந்தான். மூடியைத் திறந்து சிலந்தியை அதால் தள்ளப் போகிற நேரம், வாசல் கதவு திறந்தது.

"கையை எடுங்க!" அவள் கத்தவில்லை. கிசுகிசுப்பாகவே கத்தினாள்.

"அழாதம்மா. செத்துப் போச்சு."

"சாகலை. தோல் உரிக்குது. மல்லாந்து படுத்துத்தான் உரிக்குமாம். இப்ப உடம்பு வெண்ணெய் மாதிரி இருக்கும், அந்த பிரஷ் பட்டிருந்தா போயே போயிருக்கும். நேத்து சொல்ல வந்தேனே, எங்க கேட்டீங்க?" அட்டைப் பெட்டியையும் மடித்த காகிதத்தையும் பார்த்தாள். "பெட்டி வேறயா! எவ்வளவு அக்கறை!"

"ஆமா, சந்தோஷமாத்தான் பண்ணேன்!" அவனுக்கு அடக்க முடியவில்லை. "நீ எப்படி இந்த நேரத்துல வந்தே?"

"பயமா இருந்துச்சு. அரை நாள் லீவு போட்டேன்."

"இதுக்கு லீவு! எனக்குக் குடலிறக்க ஆபரேஷன் நடந்துச்சே, ஒரு நாள் போட்டியா நீ?"

அவள் அவனையே பார்த்தாள்.

"ஆஸ்பத்திரிக் கட்டில்ல படுத்துக்கிட்டு என்ன சொன்னீங்க? 'எனக்கென்ன, குத்துக்கல்லாட்டம் இருக்கேன், நீ வேலைக்குப் போ'ன்னு. மூஞ்சியைக்கூடச் சுளிக்கலை. நான் நம்பிட்டுப் போனேன். இந்த ஜீவனுக்கு அப்படிப் பொய் சொல்லத் தெரியாது. முடியலைன்னா தட்டைத் தள்ளி வெச்சிடும்."

அன்றைக்கு அவள் வாசல்வரை போய்த் திரும்பிப் பார்த்தபோது, போ போ என்று கையசைத்தது அவனேதான்.

பெட்டிக்குள் பழைய தோல் மெல்ல விரிந்து, ஒரு கால் வெளுப்பாக வெளியே வந்தது. அவள் தரையில் உட்கார்ந்துவிட்டாள். கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு அவனும் உட்கார்ந்தான்.

"இப்ப எங்கயாவது வலிக்குதா உங்களுக்கு?"

"எனக்கென்..." நாக்கைக் கடித்துக்கொண்டான். "வலது தோள்பட்டை. நாள் பூரா கத்தரிக்கோல் பிடிக்கிறேன்ல. ராத்திரி திரும்பிப் படுக்க முடியலை."

அவள் கை வந்து தோளை அமுக்கியது. கண் மட்டும் கண்ணாடிப் பெட்டியை விட்டு அசையவில்லை. இரண்டாவது கால் வந்துகொண்டிருந்தது.

"என்னையும் கொஞ்சம் பாரேன்" என்று வாய்விட்டுக் கேட்டேவிட்டான்.