மூன்றாவது குத்து கிடையாது

ஐந்தாவது முறை ஊசி இறங்கியபோது வசந்தாமணி கையை வெடுக்கென்று உருவிக்கொண்டாள்.

"போதுங்க சாமி. இது கையா, தையல் மிசின்ல கெடக்கற துணியா?"

ராசிபுரத்தில் ஒரு தனியார் மருத்துவமனையின் பெண்கள் வார்டு அது. வசந்தாமணி சேந்தமங்கலத்துக்காரி. ஜவ்வரிசி செய்யும் சேகோ ஆலைக் களத்தில் வேலை. போன வருடம் இடது மார்பில் புற்றுநோய் என்று சேலத்தில் அறுவை சிகிச்சை செய்துகொண்டவள். அந்தப் பக்கத்துக் கையில் ஊசி போட வேண்டாம் என்று அங்கே சொல்லி அனுப்பியிருந்தார்கள். வலது கையின் நரம்புகளோ கீமோ மருந்து ஏறி ஏறி இறுகிப் போயிருந்தன. வயிற்றுப்போக்கில் வற்றிப்போய் வந்தவளுக்கு ட்ரிப்ஸ் ஏற்றச் சொல்லியிருந்தார் டியூட்டி டாக்டர். ஏற்ற வேண்டிய நர்ஸ் நர்மதா.

"இன்னொரு தடவ பாக்கறேனுங்க" என்றாள் நர்மதா.

"ஊட்டுல கெடந்து சாவறேன். இங்க வேண்டாம்."

புருஷன் நாச்சிமுத்து எவ்வளவோ கெஞ்சினார். அவள் கேட்கவில்லை. பஞ்சை அழுத்திப் பிடித்தபடி படியிறங்கிப் போய்விட்டாள். புறங்கையில் நீலம் பாரித்திருந்த இடங்கள் நர்மதாவின் கண்ணைவிட்டு அகலவில்லை.

வார்டு இன்சார்ஜ் இன்னாசிமேரி பக்கத்தில் வந்து நின்றார். ஆள் பற்றாத வார்டை வருடக்கணக்காக ஓட்டி ஓட்டி, நின்று பேச நேரமில்லாதவர்.

"உனக்கு நரம்பு புடிக்கற கை இல்ல நர்மதா. சில பேருக்கு வரும், சில பேருக்கு வராது. நாளையிலிருந்து டெஸ்க்ல உக்காந்து டிஸ்சார்ஜ் வேலையப் பாரு."

"மாட்டேனுங்க சிஸ்டர்."

"என்னது?"

"டெஸ்க்குக்குப் போகமாட்டேனுங்க. கத்துக்கிட்டு வாரேன்."

ஆள் பற்றாததால் இன்னாசிமேரியும் அதற்கு மேல் வற்புறுத்தவில்லை. சொன்ன பிறகுதான் யாரிடம் கற்றுக்கொள்வது என்ற கேள்வியே நர்மதாவுக்கு எழுந்தது. பயிற்சிக் காலத்தில் யாரும் உட்காரவைத்துச் சொல்லித் தரவில்லை. மூத்தவர்கள் நரம்பு எழும்பக் கையை இறுக்கிக் கட்டினார்கள், பளார் பளாரென்று தட்டினார்கள், குத்தினார்கள். அதைப் பார்த்து அவளும் கட்டினாள், தட்டினாள், குத்தினாள். பெரும்பாலும் கிடைத்துவிடும். கிடைக்காத கைகளுக்கு என்ன செய்வது என்று யாரும் கேட்டதுமில்லை, சொன்னதுமில்லை.

நர்சிங் படித்தபோது கூடப் படித்த ஜாக்குலின், சேலம் அஸ்தம்பட்டியில் ஒரு புற்றுநோய் கிளினிக்கில் இருந்தாள். கீமோ நோயாளிகளுக்கே நாளெல்லாம் ஊசி போடுகிறவள். அடுத்த விடுமுறை நாளில் நர்மதா பஸ் ஏறி அங்கே போய் நின்றாள்.

"எனக்குக் கை இல்லைன்னு சொல்லிட்டாங்க. நீ பாத்துச் சொல்லு."

கிளினிக்கில் பழகுவதற்கென்று ஒரு ரப்பர் கை இருந்தது. நர்மதா அதில் ஊசி போடுவதை ஜாக்குலின் போனில் வீடியோ எடுத்து, பிறகு மெதுவாக ஓடவிட்டுக் காட்டினாள். தன் கையைத் தானே வேறு யாருடையதையோ போலப் பார்ப்பது நர்மதாவுக்குக் கூச்சமாக இருந்தது. தோலைக் கீழே இழுத்துப் பிடித்திருந்த இடது கட்டைவிரல், ஊசி நுழைகிற அதே நொடியில் தளர்ந்துவிட்டது. நரம்பு பக்கவாட்டில் உருண்டது.

"பாத்தியா? நீ பயந்து உட்டுர்ற. கையில்லாமல்லாம் இல்ல" என்றாள் ஜாக்குலின். "அப்புறம் இதைப் பாரு. ரத்தம் எட்டிப் பாத்ததும் சந்தோசத்துல ஊசி மேல இருக்கற டியூபைத் தள்ளிட்ட. ஊசி நுனிதான் உள்ள போயிருக்கு, டியூப் இன்னும் வெளியதான் இருக்கு. ஊசியை இன்னும் படுக்க வெச்சு, ஒரு நூல் அளவு உள்ள போயிட்டு, அப்புறந்தான் டியூபை நகத்தணும்."

தட்டாதே என்றாள். கை பொறுக்கும் சூட்டில் வெந்நீரில் துண்டை நனைத்துச் சுற்றி, கையைக் கட்டிலுக்குக் கீழே தொங்கவிட்டுக் காத்திரு என்றாள். புறங்கையை விட்டுவிட்டு முன்கைக்கு வா, கண்ணுக்குத் தெரிகிற நரம்பைவிட விரலுக்குத் துள்ளுகிற நரம்புதான் நல்லது என்றாள். கடைசியில் தன் சட்டைக் கையை மடித்து நீட்டினாள்.

"இதுல போடு. வலிச்சாத் திட்டுவேன்."

திட்டவும் செய்தாள். அதற்குப் பின் வந்த விடுமுறைகளிலும் நர்மதா போனாள். ஜாக்குலினின் கையில் போட்டாள், ஜாக்குலின் அவள் கையில் போட்டாள். தவறான குத்து எப்படி எரியும் என்பது நர்மதாவுக்கு அப்போதுதான் தெரிந்தது.

"இங்க ஒருத்தருக்கு ரெண்டு தடவதான் குத்தலாம்" என்றாள் ஜாக்குலின் ஒருநாள். "அதுக்கு மேல மயக்க மருந்து டாக்டர் வந்து ஸ்கேன்ல பாத்துப் போடுவார். அது தோத்துப்போறது இல்லடி. நிறுத்தறதுக்கும் பழகணும்."

ராசிபுரம் வார்டில் வெந்நீர்த் துண்டோடு நர்மதா நடப்பதைப் பார்த்த இன்னாசிமேரி, "இதென்ன வார்டா, பியூட்டி பார்லரா?" என்றார். "நாலு பேருக்கு ஊசி போடற நேரத்துல நீ ஒருத்தருக்குத் துண்டு சுத்திட்டு நிக்கற."

"அந்த நாலு பேர்ல ரெண்டு பேருக்குத் திரும்பப் போடறோமுங்களே சிஸ்டர், அந்த நேரத்த யாருங்க கணக்குல வெக்கறது?"

வார்டே திரும்பிப் பார்த்தது. நர்மதா துண்டைப் பிழிந்துகொண்டு போனாள். அவள் போட்ட ஊசிகள் நிலைக்கத் தொடங்கியிருந்தன. இன்னாசிமேரிக்கும் அது தெரியும்.

மாசி வெயில் ஏறியிருந்த ஒரு முற்பகலில் நாச்சிமுத்து மறுபடியும் வசந்தாமணியை ஆம்னி வேனில் கொண்டுவந்து இறக்கினார். மறுபடியும் வாந்தி, பேதி. உதடு வெடித்து, கண் உள்ளே போயிருந்தது. நர்மதாவைப் பார்த்ததும் வலது கையைச் சேலைக்குள் இழுத்துக்கொண்டாள்.

"இந்தப் புள்ள வேண்டாம்."

நர்மதா கட்டிலருகே குனிந்தாள். "அன்னிக்கு உங்களைக் குத்தித் தொரத்துனது நான்தானுங்க. இன்னிக்கு ரெண்டே தடவ. ரெண்டும் தப்புனா ஊசியைக் கீழ வெச்சுட்டுப் பெரிய டாக்டரைக் கூப்புடுவேன். மூணாவது குத்து கிடையாது."

"யாரு சொல்லிச் சொல்ற?"

"நானே சொல்றனுங்க."

வசந்தாமணி சேலைக்குள்ளிருந்து கையை வெளியே விட்டாள்.

நர்மதா வெந்நீர்த் துண்டைச் சுற்றினாள். கையைத் தொங்கவிட்டாள். முன்கையில் விரல் நுனிக்கு ஏதோ லேசாகத் துள்ளியது. கட்டைவிரலைத் தளரவிடாமல் ஊசியை இறக்கினாள். ரத்தம் எட்டிப் பார்த்தது. டியூப் போகவில்லை, நரம்பு உள்ளேயே இறுகிக் கிடந்தது. இரண்டாவது முறை முழங்கைக்குச் சற்றுக் கீழே. டியூப் போயிற்று. ஆனால் உப்புநீரைச் செலுத்தியதும் அது நரம்புக்கு வெளியே கசிந்து தோல் மெல்ல உப்பியது. கற்ற எல்லாவற்றையும் சரியாகச் செய்தும் கிடைக்கவில்லை. நர்மதா டியூபை எடுத்துவிட்டு ஊசியைத் தட்டில் வைத்தாள்.

"தள்ளு, நான் பாக்கறேன்" என்று இன்னாசிமேரி புது ஊசியைப் பிரித்தார்.

நர்மதா கட்டிலைவிட்டு நகரவில்லை.

"வேண்டாமுங்க சிஸ்டர்."

"பிரஷர் எறங்குது. இந்த நேரத்துல என்ன வீம்பு?"

"எறங்கறதுனாலதாங்க சொல்றேன். ஆளாளுக்குக் குத்திட்டே இருந்தா நேரந்தான் போகும். இருக்கற நரம்பும் போயிரும். ஆனந்தகுமார் டாக்டரைக் கூப்புடறேன்."

"அவர் ஆபரேஷன் தியேட்டர்ல இருக்கார். உன்னைக் கிழிச்சுருவார்."

"கிழிக்கட்டுமுங்க."

ஒரு கையால் வசந்தாமணியின் தோளைத் தொட்டபடி, மறு கையால் போனை எடுத்தாள். மயக்க மருந்து டாக்டர் ஆனந்தகுமார் ஒரு அறுவை சிகிச்சை முடிந்து அடுத்தது தொடங்குவதற்குள் எரிச்சலோடுதான் வந்தார். பின்னாலேயே ஸ்கேன் மெஷின் உருண்டு வந்தது. மேல்கையில் ஜெல்லைத் தடவி, திரையைப் பார்த்தபடி, ஆழத்தில் கிடந்த ஒரு நரம்பில் ஒரே முறையில் டியூபை ஏற்றினார். சொட்டுகள் இறங்கத் தொடங்கின.

"யார் என்னைக் கூப்பிட்டது?" என்றார் கையுறையைக் கழற்றியபடி.

"நான்தாங்க சார்."

"எத்தனை தடவை குத்தினீங்க?"

"ரெண்டுங்க."

அவர் வசந்தாமணியின் வலது கையைத் திருப்பிப் பார்த்தார். "இந்தக் கைக்கு அந்த ரெண்டுகூட வேண்டியதில்ல. நேரா என்னைக் கூப்பிட்டிருக்கணும்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அன்று மாலை இன்னாசிமேரி டியூட்டி மாற்றிப் போட்டார். நர்மதாவுக்கு ஒரு வாரம் டெஸ்க். எல்லார் முன்னாலும் எதிர்த்துப் பேசியதற்கு. நர்மதா மறுக்காமல் உட்கார்ந்தாள். டெஸ்க்கும் அதே வார்டுக்குள்தான் இருந்தது. அங்கிருந்தே எல்லாக் கட்டில்களும் தெரியும்.

மூன்றாம் நாள் வசந்தாமணி எழுந்து உட்கார்ந்து கஞ்சி குடித்தாள். குடித்த தெம்பில் பக்கத்துக் கட்டில்களுக்கெல்லாம் போய்ப் பேச ஆரம்பித்தாள். அதற்கு மறுநாள், காய்ச்சலோடு படுத்திருந்த முத்தாயம்மாளுக்கு ஊசி மாற்ற வந்த இன்னாசிமேரிக்கு முதல் குத்து தவறியது. முத்தாயம்மாள் தலையைத் தூக்கினாள்.

"ஏனுங்க சிஸ்டர், இன்னும் ஒண்ணுதானுங்க இருக்குது. அதுவும் தப்புச்சுன்னா உட்டுரோணும்."

எதிர்க்கட்டிலில் இருந்தவளும் ஆமாம் என்று தலையசைத்தாள். இன்னாசிமேரி நிமிர்ந்து டெஸ்க்கைப் பார்த்தார்.

"நீ சொல்லிக் குடுத்தியா?"

"வசந்தாமணிக்குத்தாங்க சொன்னேன்" என்றாள் நர்மதா. எழுந்து நின்றாள். "கேட்டா எல்லாருக்கும் சொல்லுவேனுங்க சிஸ்டர்."

இன்னாசிமேரி ஸ்டூலைக் காலால் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். முத்தாயம்மாளின் முன்கையை மடியில் வைத்துக்கொண்டு, அவசரப்படாமல், விரல் நுனியால் தேடத் தொடங்கினார்.